வன்னிக்கு வருவோர்: தலைக்கணக்கும் இரவுக்கணக்கும்

இலங்கைச் சுற்றுலாத்துறையின் வளர்ச்சியை அளப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது விமான நிலையத்தில் பதிவாகும் வருகைக் கணக்கைத்தான். போர் முடிந்த 2009இல் 447,890 வெளிநாட்டவர் வந்தனர். 2018இல் அந்த எண்ணிக்கை 2,333,796 ஆக உயர்ந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களும் பெருந்தொற்றும் அதை 2021இல் 194,495 வரை இறக்கின. பொருளாதார நெருக்கடியின் ஆண்டைத் தாண்டி 2024இல் அது மீண்டும் இருபது இலட்சத்தைக் கடந்தது. ஆனால் வருமானக் கணக்கை அருகில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2018இல் நாட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 438 கோடி டொலர். 2024இல் ஏறத்தாழ 317 கோடி. வகுத்துப் பார்த்தால், ஒரு பயணி விட்டுச் சென்ற தொகை சுமார் 1,880 டொலரிலிருந்து 1,540 டொலரளவுக்கு இறங்கியிருக்கிறது. தலைகள் திரும்பி வந்த வேகத்தில் பணம் திரும்பி வரவில்லை.

நாட்டின் கணக்கிலேயே இத்தனை இடைவெளி இருக்குமாயின், வன்னி எனப்படும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களின் கணக்கில் அது இன்னும் பெரிதாகவே இருக்கும். ஏ9 வீதியில் நாள்தோறும் பஸ்களும் வான்களும் வடக்கே போகின்றன. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு ரயிலிலும் கூட்டம் கடந்து போகிறது. கடந்து போகிறது என்பதே இங்கு பொருத்தமான சொல். கிளிநொச்சியில் ஒரு தேநீர், மாங்குளத்தில் ஒரு கழிவறை, ஆனையிறவில் ஒரு புகைப்படம், இரவு யாழ்ப்பாணத்தில். யாழ்ப்பாணம் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும் என்றால், அறைக்கும் இராச்சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் செலவாகும் பணம் அங்கேதான் போய்ச் சேரும். ஆகவே, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, அவர்கள் எத்தனை இரவு தங்கினார்கள், அந்த இரவின் சோறு யாருடைய அடுப்பில் வெந்தது என்ற இரண்டு கேள்விகளை வைத்தே வன்னியின் முன்னுள்ள வழிகளை ஒப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

இன்று உண்மையிலேயே பெருங்கூட்டத்தைக் கொண்டுவருவது யாத்திரை. மடு மாதாவின் ஓகஸ்ட் 15 பெருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவருமாக இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கு வந்துபோனதிலிருந்து அந்தப் பெயர் நாட்டுக்கு வெளியேயும் பரவியது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரியும் இரவுக்காக, நந்திக்கடலோரம் மனிதத் தலைகளால் நிரம்பிவிடும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியன்று பாலாவிக் கரையிலும் அதே நிலைதான். இந்த அடியார்களில் பெரும்பாலோர் உள்நாட்டவர் என்பதால், விமான நிலையக் கணக்கில் இவர்கள் இல்லை. குண்டுவெடிப்போ டொலர்த் தட்டுப்பாடோ வெளிநாட்டவரை நிறுத்திவிடலாம்; நேர்த்தி வைத்தவர் எப்பாடுபட்டாவது வந்து சேருவார். யாத்திரையின் பெரும் பலம் அதுவே.

அதன் பலவீனம் இரண்டு. மடுவுக்கு வருவோர் பலர் அரிசி, தேங்காய், சட்டிபானையோடு வந்து, ஆலயக் காணியில் கூடாரம் அடித்துத் தாமே சமைத்து உண்கிறார்கள். அது அந்த யாத்திரையின் அழகு. அதில் குறை காண எனக்கு மனம் வராது. ஆயினும் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதனால் கிடைப்பது விறகும் இளநீரும் விற்ற காசுதான். விழாக் கடைகளை ஏலத்தில் எடுப்பவர்களும் பெரும்பாலும் வெளியூர் வியாபாரிகளே. இரண்டாவது, கூட்டம் சில நாட்களுக்குள் திரண்டு கலைந்துவிடுவதால், அதை நம்பி ஆண்டு முழுவதும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்க முடியாது. இருந்தும் ஒரு நன்மையை மறந்துவிடலாகாது. மடுவின் ஓகஸ்ட் மாதம் கடும் வரட்சியின் மாதம். குளத்தில் நீர் குறைந்து சிறுபோகம் சுருங்கும் ஆண்டுகளில் கூலி வேலை கிடைப்பதே அரிதாக இருக்கும் அந்நேரத்தில் கைக்கு வரும் ஒரு சிறு தொகைக்கு, மாசியில் நெல் வெட்டிய கையோடு வரும் பணத்தைவிடப் பெறுமதி கூட.

இதற்கு எதிரே வைக்கப்படும் வழி, கடற்கரையில் பெரிய விடுதிகளைக் கட்டுவது. முல்லைத்தீவின் நீண்ட மணற்கரையையும், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கைட் சேர்ஃபிங் விளையாடுவோர் தேடிவரும் மன்னார்க் கரையையும் காட்டி முதலீட்டாளரை அழைக்க வேண்டும் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. நூறு அறை கொண்ட ஒரு விடுதி ஒரே நாளில் பல இளைஞருக்கு வேலை தரும். வெளிநாட்டு முகவர்களின் பட்டியலில் இடத்தின் பெயரை ஏற்றும். வீதியும் மின்சாரமும் அதன் பின்னால் வரும். ஆனால் கிழக்கில் பாசிக்குடாவில் 2010க்குப் பிறகு நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். விடுதிகள் வரிசையாக எழுந்தன, கடற்றொழிலாளர் படகேற்றும் கரை குறுகியது. அதே கிழக்கில் அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட்டை நம்பி வளர்ந்தவை பெரும்பாலும் சிறு விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான். அங்கும் காணிப் பிணக்குகள் உண்டு, எனினும் பயணியின் பணம் பல கைகளில் ஏறி இறங்குகிறது. பெரிய விடுதியின் மரக்கறி தம்புள்ளையிலிருந்தும், முகாமையாளர் கொழும்பிலிருந்தும் வருவார்களானால், இலாபமும் அதே வீதியால்தான் திரும்பிப் போகும். முல்லைத்தீவில் கரைவலை இழுப்பவருக்கும், இன்னும் தன் காணிக்குத் திரும்பக் காத்திருப்பவருக்கும், கரையோரத்தில் இன்னொரு வேலி என்பது வெறும் பொருளாதாரக் கேள்வி அல்ல.

மூன்றாவது வழி, பறவை பார்க்க வருவோரை ஊரிலுள்ள சிறு விடுதிகளில் தங்கவைப்பது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர் பரப்புடையது; 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் இலங்கையின் வாசல்போல அமைந்திருப்பதால், ஊசிவால் வாத்துக்களும் பூநாரைகளும் கரைப்பறவைகளும் மாரியோடு வந்திறங்கி, பங்குனி வரை நிற்கின்றன. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்து வீதியில் வண்டியை ஓரங்கட்டினாலே போதும், காண முடியும். வடக்கே 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் இருக்கிறது. இடையில் கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்று குளத்துக்குக் குளம் ஓர் ஊர். ஒவ்வொரு குளக்கட்டும் அதிகாலையில் நடந்து பார்க்கத் தகுந்தது.

பறவை பார்க்க வருபவர் விடியலிலும் மாலையிலும் இடத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே அவர் இரவு தங்கித்தான் தீர வேண்டும். அவருக்கு நீச்சல் தடாகம் வேண்டியதில்லை. நுளம்பு வலை போட்ட சுத்தமான அறை, நேரத்துக்குச் சாப்பாடு, எந்தக் கண்டலில் எது நிற்கிறது என்று அறிந்த ஒரு துணை ஆகியவையே வேண்டும். அந்த அறிவு எங்கள் இடையரிடமும் நன்னீர் மீனவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்: வீதியோரத்தில் இறங்கும் நாற்பது பேர் தலைக்கு 500 ரூபா செலவழித்தால் 20,000 ரூபா வருகிறது. ஒரு சோடி இரண்டு இரவு தங்கி, அறைக்கு இரவுக்கு 6,000, சாப்பாட்டுக்கு நாளுக்கு 4,000, வழிகாட்டிக்கும் ஓட்டோவுக்கும் நாளுக்கு 5,000 என்று கொடுத்தால் 30,000 ரூபா வருகிறது. முதற் தொகையில் பெரும்பகுதி போத்தல் பானத்துக்கும் பிஸ்கட்டுக்குமாகக் கொழும்புக்கே திரும்பும். இரண்டாவதில் பெரும்பகுதி ஊரில் நிற்கும்.

இந்த வழியின் இடர்களும் சிறியவை அல்ல. வன்னியில் பலரிடம் இருப்பது உறுதிக் காணி அன்று, அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணி. அதை ஈடாக வைத்து வங்கியில் கடன் எடுப்பது கடினம். வங்கி மறுத்த இடத்தில் நுண்கடன் கம்பனிகள் புகுந்து, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்பதை ஊரில் எல்லோரும் அறிவர். அறை கட்டுவதற்கென்று இன்னொரு வாரக்கடனை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், வங்காலையின் பறவைகள் நிலைத்தால்தான் இந்த வருமானமும் நிலைக்கும். மன்னார்த் தீவில் குறைந்தது 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. மேலும் காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025இல் மக்கள் நாட்கணக்காக வீதியில் இருந்தார்கள். சுற்றுலாத் திட்டம் ஒரு மேசையிலும் மணல் அகழ்வுத் திட்டம் இன்னொரு மேசையிலும் தீர்மானிக்கப்படும் வரை, ஒன்றின் மூலதனத்தை மற்றது தின்றுகொண்டே இருக்கும்.

புலம்பெயர்ந்தவர்களின் வருகையைத் தனி வழியாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஆடி, ஆவணி விடுமுறைக்கு வரும் குடும்பம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருவதால் சுற்றுலாப் பயணியாகவே பதிவாகிறது. ஆனால் தங்குவது பெரியம்மா வீட்டில். அந்தப் பணம் கோயில் திருப்பணியிலும் வீட்டுக் கூரையிலும் தெரியும், விடுதிக் கணக்கில் தெரியாது. எனினும் அவர்களுடைய பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு மேல் உறவினர் வீட்டு முற்றத்தில் இருக்க மாட்டார்கள். அவர்களை இரணைமடுவுக்கும் வங்காலைக்கும் கூட்டிச்செல்லும் ஏற்பாடு இருந்தால், மூன்றாவது வழிக்கு முதல் வாடிக்கையாளர் அவர்களே.

போர் நடந்த இடங்களைப் பார்க்க வரும் பயணத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. 2009க்குப் பின்னான ஆண்டுகளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் வெற்றித் தூபிகளைப் பார்த்து, படையினர் நடத்திய கடைகளில் சாப்பிட்டுத் திரும்பினார்கள். அயலில் தறப்பாள் கொட்டிலில் இருந்த குடும்பத்துக்கு அதனால் ஒரு வாய்ச் சோறு கூடுதலாகக் கிடைக்கவில்லை. முள்ளிவாய்க்கால் மண்ணுக்கு விலைப்பட்டியல் போட எவருக்கும் உரிமை இல்லை.

யாத்திரையையும் சிறு விடுதிகளையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவதே தவறு என்று எனக்குப் படுகிறது. எதிராக நிற்பது பெரிய விடுதி மட்டுமே, ஏனெனில் கரையும் நீரும் அதற்கும் இவற்றுக்கும் சேர்த்துப் போதாது. இருக்கும் கூட்டத்தில் ஒரு பகுதியை ஒரு இரவாவது நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்கான அடுப்பு ஏற்கெனவே எரிகிறது: மாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ்ப் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் தேடி, கடந்து போகும் வண்டிகள் நிற்கின்றன. அதே பெண்களின் வீடுகளில் ஒவ்வொரு அறையைத் திருத்த, வட்டியில்லாமல், முடியாவிட்டால் குறைந்த வட்டியில், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் கொடுக்கலாம். பிரதேச செயலகங்கள் மாதந்தோறும் வந்தவர் தொகைக்குப் பதிலாகத் தங்கிய இரவுகளின் தொகையைப் பதிந்து வெளியிடலாம். மடுவீதி நிலையத்தில் இறங்கும் யாத்திரிகருக்கு, அதே தண்டவாளத்தில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் மன்னார் இருக்கிறது என்பதையும், அங்கே விடியலில் பார்க்க என்ன இருக்கிறது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகையில் எழுதி வைக்க எந்த முதலீட்டாளருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.