நிலக்கரி மாநிலத்தின் காகிதப் பெட்டிகள்: ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் பற்றிய மதிப்பீடு

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுள் ஒருவரான ஜஸ்டஸ் காலின்ஸின் அலுவல் கடிதங்களும், அதே மாநிலத்தின் மலைச் சிற்றூர்களில் 1937 முதல் 1947 வரை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்யப்பட்ட நாட்டார் பாடல்களும் இன்று ஒரே நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மார்கன்டவுன் நகரில், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வைஸ் நூலகத்தில் இயங்கும் மேற்கு வர்ஜீனியா மற்றும் வட்டார வரலாற்று மையமே அந்த நிறுவனம். நான் மார்கன்டவுனுக்குப் போனதில்லை. எனவே இது, அந்த மையம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் படங்களையும் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தொலைவிலிருந்து பயன்படுத்தும் ஒரு வாசகனின் மதிப்பீடு. படிப்பறையின் வெளிச்சத்தையும் ஊழியர்களின் பரிவையும் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

புதிதாக வருபவருக்கு நான் காட்டும் வாசல், மேற்கு வர்ஜீனியா வரலாற்றுக்கென மையம் அமைத்திருக்கும் நிழற்படத் தொகுப்பு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. ஊர்ப்பெயரையோ தொழிலின் பெயரையோ இட்டுத் தேடினால் போதும். கட்டணம் எதுவும் இல்லை. மொனாங்கா என்று தேடிப் பாருங்கள். 1907 டிசம்பர் 6 அன்று அந்த ஊரின் 6, 8 ஆகிய எண்களிட்ட சுரங்கங்களில் நேர்ந்த வெடிப்பில், அரசு கணக்கின்படி 362 பேர் இறந்தார்கள். அமெரிக்கச் சுரங்க விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை. இறந்தவர்களில் பலர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, அதே மாநிலத்தின் கம்பெனிக் குடியிருப்புகளின் படங்களுக்குப் போனால், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகளின் வரிசையும், சம்பளத்துக்கு ஈடாகக் கொடுத்த கம்பெனி வில்லைகள் செல்லுபடியான கடையும் வேறு பொருள் கொள்ளத் தொடங்குகின்றன. வீடும் முதலாளியுடையது, கடையும் முதலாளியுடையது என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் செய்தியை, படத்துக்குப் படம் நகர்ந்து நாமே கண்டுகொள்ள முடிகிறது. இதுவே இத்தொகுப்பின் முதன்மையான பலம் என்பேன்.

ஆயினும் படங்களோடு நின்றுவிடுபவர் இக்காப்பகத்தின் பாதியைக்கூடப் பார்த்தவர் ஆகமாட்டார். மையத்தின் உண்மையான எடை கையெழுத்து ஆவணங்களில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுப்புக்கும் 'ஏ அண்ட் எம்' என்ற முன்னொட்டோடு ஓர் எண் உண்டு. ஆவணங்கள், கையெழுத்துப்படிகள் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. மேற்கு வர்ஜீனியா பற்றிய ஆய்வு நூல் எதையேனும் திறந்து அடிக்குறிப்புகளைப் புரட்டினால் இந்த எண்கள் கண்ணில் படும். காலின்ஸ் தொகுப்பு அப்படி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒன்று. வைண்டிங் கல்ஃப் பகுதியின் சுரங்கத்தை நடத்திய ஜார்ஜ் உல்ஃப், காலின்ஸுக்கு எழுதிய கடிதங்கள் அதில் உள்ளன. தொழிலாளர் பற்றாக்குறை, சங்கத்தின் மீதான அச்சம், யாரை வேலைக்கு வைப்பது, யாரை விலக்குவது என்பவையெல்லாம் வெளியார் கண்ணில் படாது என்ற நம்பிக்கையில் பேசப்படும் கடிதங்கள் அவை. உள்ளூர் வெள்ளையர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர், ஐரோப்பியக் குடியேறிகள் ஆகியோரைக் கலந்து வைத்தால் அவர்கள் ஒன்று சேர்வது கடினம் என்பது அக்காலச் சுரங்க முதலாளிகளிடையே பரவியிருந்த எண்ணம். 1921 ஆகஸ்ட் இறுதியில் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தி பிளேர் மலையை நோக்கி நடந்தபோது, அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொய்த்தது என்பது தெரிந்தது. அந்த நடைக்குப் பின்னணியான ஆண்டுகளில் எதிர்த்தரப்பு என்ன நினைத்தது என்று அறிய விரும்புபவருக்கு இத்தகைய கடிதங்களுக்கு மாற்று இல்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இது இக்காப்பகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. கடிதம் எழுதி, நகலெடுத்து, கோப்பில் இட்டுப் பாதுகாக்கும் வசதி முதலாளிக்கு இருந்தது; நிலக்கரி வெட்டியவருக்கு இல்லை. ஆகவே முதலாளியின் பெயரில் தொகுப்பு இருக்கிறது, தொழிலாளியோ பெரும்பாலும் அந்தத் தொகுப்பின் உள்ளே, பிறர் எழுதிய வரிகளில், பெயரின்றி நிற்கிறார். காப்பகத்தின் பட்டியல்கள் கொடுத்தவரின் பெயரைச் சார்ந்தே அமைவதால், தேடுபவர் இதை நினைவில் வைத்துக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. தொழிலாளியைத் தேடும்போது அவர் வேலை செய்த கம்பெனியின் பெயரை இடுவதே பயன் தரும்.

இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்வது லூயிஸ் வாட்சன் சாப்பல் சேகரித்த ஒலித்தட்டுகள். அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த சாப்பல், நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு வென்று மாண்டதாகப் பாடப்படும் ரயில்பாதைத் தொழிலாளி ஜான் ஹென்றியின் கதையை ஆராய்ந்தவர். அந்தக் கதையின் களமாக அவர் கண்ட பிக் பெண்ட் சுரங்கப்பாதை மேற்கு வர்ஜீனியாவின் டால்காட் அருகே உள்ளது. பின்னர் அவர் பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று கதைப்பாடல்களையும் ஃபிடில் இசையையும் தட்டுகளில் ஏற்றினார். கடிதம் எழுதி வைக்காத மக்களின் குரல் அந்தத் தட்டுகளில் இருக்கிறது. சுரங்க வரலாற்றுக்காக இக்காப்பகத்துக்குள் நுழைபவர்கள் இதை இசைப் பிரிவு என்று ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது என்பது என் கருத்து.

அரசியல் தொகுப்புகள் ஏராளம். மாநிலம் பிறந்த கதைக்கு வெய்ட்மன் வில்லியின் தாள்கள் தேவை. 1861இல் வர்ஜீனியா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகியபோது அதன் மேற்குப் பகுதி மாவட்டங்கள் பல உடன்பட மறுத்தன; அந்தப் பிணக்கே 1863 ஜூன் 20 அன்று தனி மாநிலமாக முடிந்தது. அதற்கு முன்நிபந்தனையாக அமைந்த திருத்தம் மார்கன்டவுன்காரரான வில்லியின் பெயரால் வழங்குகிறது. 1863 ஜூலை 4க்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் விடுதலை பெற்றவர்கள். அந்நாளில் பத்து வயதுக்குட்பட்டவர்கள் 21 வயதிலும், பத்துக்கும் 21க்கும் இடைப்பட்டவர்கள் 25 வயதிலும் விடுதலை பெறுவர் என்றது அது. விடுதலையை இப்படி வயதுவாரியாகப் பங்கிட்ட சட்டத்தின் பின்னே எவ்வளவு பேரம் நடந்திருக்கும் என்று யோசிப்பவர்கள் வில்லியின் கடிதங்களில் நெடுநேரம் தங்கலாம். அடுத்த நூற்றாண்டுக்கு வந்தால் ரஷ் ஹோல்ட்டின் தாள்கள் இருக்கின்றன. 1934 தேர்தலில் செனட்டராகத் தேர்வான அவர், முப்பது வயது நிரம்பாததால் 1935 ஜூன் வரை பதவியேற்கக் காத்திருந்தார். முன்னாள் செனட்டர் ஜே ராக்ஃபெல்லரின் ஆவணங்களும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன. அளவில் அது மிகப் பெரிது, பொதுவாசகருக்கு அவ்வளவு சுவையாக இராது.

ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1867இல் தொடங்கப்பட்டு 1955இல் மூடப்பட்ட ஸ்டோரர் கல்லூரியின் படங்களும் பதிவுகளும் தனியே குறிப்பிடத்தக்கவை. கறுப்பினத்தவரின் சம உரிமைக்காக டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் முன்னின்று நடத்திய நயாகரா இயக்கம் 1906இல் கூடியது அந்த வளாகத்தில்தான். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் எஸ். பக் இம்மாநிலத்தின் ஹில்ஸ்போரோவில் பிறந்தவர் என்பதால் அவருடைய கையெழுத்துப்படிகளும் இம்மையத்தில் உள்ளன. சீனக் கிராமங்களின் வழியே அவரைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சிறு வியப்பைத் தரும்.

மையம் வெளியிடும் செய்திகளைப் பற்றி: புதிதாக வந்த தொகுப்புகள், பட்டியலிட்டு முடிந்த பெட்டிகள், ஜூன் 20 மாநில நாளையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சி ஆகியவை பற்றி ஊழியர்களே எழுதுகிறார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தவை ஒரே ஒரு கடிதத்தையோ படத்தையோ எடுத்துக்கொண்டு பேசும் சிறு கட்டுரைகள். பெட்டியைத் தாமே கையாண்டவர் எழுதும்போது, பட்டியலில் வறண்டு கிடக்கும் தலைப்பு உயிர் பெறுகிறது. விழா அறிவிப்புகளை மட்டும் விரைந்து கடந்துவிடலாம்.

பழைய செய்தித்தாள்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொதுத் திட்டத்தின் வழியே கிடைக்கின்றன. சொல்லை இட்டுத் தேட முடியும். ஆனால் மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படிப்பது உண்டு, ஆதலால் ஒரு பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் முயன்று பார்ப்பது நல்லது.

தொலைவிலுள்ள வாசகருக்கு எஞ்சும் வருத்தம், கையெழுத்து ஆவணங்களில் பெரும்பகுதி இன்னும் பெட்டிக்குள்ளேயே இருப்பதுதான். இணையத்தில் கிடைப்பது தொகுப்பின் விவரப்பட்டியல். எந்தப் பெட்டியில், எந்தக் கோப்பில், எந்த ஆண்டுகளின் தாள்கள் என்பது வரை அது சொல்லும், தாளைக் காட்டாது. எனவே பட்டியலை அவசரமாகப் புரட்டாமல் படியுங்கள். தொகுப்பின் ஏ அண்ட் எம் எண், பெட்டி எண், வேண்டிய ஆண்டு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு மையத்துக்கு எழுதுங்கள். சுரங்கங்களைப் பற்றி அனுப்புங்கள் என்று பொதுவாகக் கேட்கும் கடிதத்துக்கு எந்தக் காப்பகத்தாலும் உருப்படியான பதில் தர இயலாது.