பழைய ஜெர்மனா, உள்ளூர்த் தயாரிப்பா, கிளப் ரைஃபிளே போதுமா?

எட்டாவது படிக்கும் என் மகள் எட்டு மாதமாகப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், கிளப் ரைஃபிளில். அவள் முறை வருவதற்குள் முன்னால் சுட்டவர் சீக் பீஸை, அதாவது கன்னம் பதிக்கும் கட்டையை, தன் கன்னத்துக்கு ஏற்றபடி தூக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார். அதை இறக்கி, தோளில் பதியும் பட் பிளேட்டை உள்ளே தள்ளி, குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்வதற்குள் ஒரு மணி நேர ஸ்லாட்டில் கால் மணி காலி. "சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா" என்றாள். புது ஜெர்மன் ரைஃபிளின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். மிச்சம் இருந்தது செகண்ட் ஹேண்ட்.

லைசென்ஸ் வேண்டாமா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலக் குழல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாதது என்றால் வேண்டாம். போட்டி ரைஃபிள் பெல்லட் எனும் அரை கிராம் குண்டை நொடிக்கு 170 மீட்டர் சொச்சத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் எட்டு ஜூல் பக்கம்தான் வரும். 0.22 ரைஃபிளையும் இதோடு சேர்த்து "லைசென்ஸ் தேவையில்ல சார்" என்று விற்பவரிடம் மட்டும் உஷாராக இருங்கள்.

என் மச்சான் பரணில் கிடக்கும் ஸ்பிரிங் ரைஃபிளைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். சுடும்போது முன்னும் பின்னும் உதறும் அதை வைத்துக்கொண்டு இவள் கற்ற பிடியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். காக்காய் விரட்ட அவரே வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் பார்த்தது அண்ணாநகரில் ஒரு ஜெர்மன் ரைஃபிள். விற்பவர் காலேஜ் முடித்த பையன். "அங்கிள், நான் நேஷனல்ஸ் போனதே இதுலதான்" என்றான். விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். டிரிகர் என்றால் அது டிரிகர்: முதல் கட்டம் வெண்ணெய் மாதிரி நகர்ந்து ஒரு இடத்தில் நிற்கும், அதற்கு மேல் நினைத்தாலே விழுந்துவிடும். மணல் மூட்டையில் வைத்து ஐந்து பெல்லட் சுட்டான். ஐந்தும் ஒரே ஓட்டை. நான் பர்ஸைத் தொட்டுவிட்டேன்.

இந்த ரைஃபிளில் பெல்லட்டைத் தள்ளுவது சிலிண்டரில் அடைத்த காற்று. எங்கள் கோச் சார் நான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: "சிலிண்டரைக் கழட்டி தேதியைப் பாருங்க." கழற்றினேன். உலோகத்தில் பொறித்திருந்தது 2012. இரண்டாவது சிலிண்டரும் அதே வருஷம். பல ஜெர்மன் கம்பெனிகள் சிலிண்டருக்குத் தரும் ஆயுள் பத்து வருஷம். காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. உள்ளே இருப்பது 200 பார் அழுத்தத்தில் காற்று. கார் டயரில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு. பதின்மூன்று வயதுப் பெண் கன்னத்தை ஒட்டி வைத்துச் சுடுகிற சாமானில் "இன்னும் நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்ற சமாதானம் எனக்குப் போதாது. புது சிலிண்டருக்கு எனக்குச் சொன்ன விலை இருபத்தெட்டாயிரம். ஆக, உண்மையான விலை 1,38,000. அதே ரைஃபிள் 2020 சிலிண்டரோடு வந்திருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இரண்டாவது திருவான்மியூரில். உள்ளூர்த் தயாரிப்பு, சிலிண்டரில் 2023, விலை நாற்பத்தெட்டாயிரம். கடலிலிருந்து மூன்றாவது தெரு. பட் பிளேட் திருகுகளில் செம்பழுப்புத் துரு. குழல் முனையில் துரு இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தேன். கைப் பம்பில் காற்று அடைத்திருக்கிறார்கள், அதுதான் உறுத்தியது. நம்ம ஊர் ஈரக் காற்றைப் பம்பில் அடைத்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். அழுத்தம் காட்டும் கேஜில் 180 பார் இருந்தது. அவர்கள் வீட்டில் காபி குடித்து முடிப்பதற்குள் 165. சீல் போயிருக்கிறது; சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், உதிரிபாகம் கூரியரில் வந்துவிடும். ஜெர்மனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் டிரிகரில் மணல் நறநறப்பு. ஐந்தில் நான்கு ஒரே ஓட்டை, ஒன்று கொஞ்சம் விலகியது. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே அரை மில்லிமீட்டர் என்பதால் பெரிய ஆட்டத்தில் அது வலிக்கும். பத்து குண்டுக்கு 88 எடுக்கிறவளுக்கு வலிக்காது. அவள் கை ஆட்டம் அதைவிடப் பெரிது.

கிளப் ரைஃபிளிலேயே தொடரலாம் என்ற வழிக்கும் வலு இருந்தது. காற்று, சர்வீஸ் எல்லாம் அவர்கள் தலைவலி. போன வருஷத்திலிருந்து நான்கு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். இன்றைக்குப் பொருந்துவது அடுத்த தீபாவளிக்குப் பொருந்துமா? "ரைஃபிள் அப்புறம் சார், முதல்ல ஷூட்டிங் ஜாக்கெட் வாங்குங்க" என்றார் கோச். சுடும்போது உடம்பு ஆடாமல் பிடித்துக்கொள்ளும் விறைப்பான கோட்டு அது. மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடும் கிளப் ஜாக்கெட்டில் இவள் தோள் எங்கேயோ தொங்குகிறது. அவர் சொன்னது சரிதான். ஆனால் ஜெர்மனை விட்டதில் மிச்சமாகும் பணத்தில் ஜாக்கெட்டும் வந்துவிடுமே!

திருவான்மியூர்க்காரரிடம் சீல் கணக்கைக் காட்டிப் பேசி நாற்பத்து நான்காயிரத்துக்கு முடித்தேன். சிலிண்டரைத் திறந்து துடைத்து, சீல் மாற்றி, இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். கேஜ் முள் நகரவில்லை. கைப் பம்பை அவரிடமே விட்டுவிட்டேன், காற்று இனிமேல் கிளப்பில்தான்.

முதல் நாளே சீக் பீஸைத் தன் உயரத்துக்கு வைத்து, அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொண்டாள்.