ராக் டிரம்ஸ் பதிவு: மாடி ஸ்டூடியோவா, தோட்டத்து மண்டபமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ராக் பேண்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் பதிய வழி இரண்டுதான். கடைவீட்டு மாடியில் ஸ்பாஞ்சு ஒட்டிய சின்ன அறை, ஒவ்வொரு டிரம்முக்கும் தனியாக ஒரு மைக். இல்லையென்றால் தோட்டத்துப் பழைய மண்டபத்தைக் கேட்டு வாங்கி, மொத்தமே ஐந்து மைக். என் ஓட்டு மண்டபத்துக்கு.

மாடியைக் குறை சொல்லவில்லை. ஸ்னேர் (நடுவில் இருக்கும் சின்ன டிரம்) விளிம்பில் ஒரு எஸ்எம்57 மைக், கிக்குக்குள் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) ஒரு டி112 மைக் என்று வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடைக்கும், பிறகு மிக்ஸிங்கில் இஷ்டத்துக்குத் திருத்தலாம். ஆனால் கூரை தாழ்வு, சிம்பல் (உலோகத் தட்டு) சத்தம் தலைக்கு மேலேயே முட்டித் திரும்பும். அதோடு மைக் கூடக் கூட ஃபேஸ் தகராறும் (ஒலி அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது) கூடும்; ஒரே ஸ்னேர் அடி ஒவ்வொரு மைக்குக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்வதால் கனம் கரைந்துவிடும். அப்புறம் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டாலும் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும்.

மண்டபம் என்ன செய்யும் என்று தெரிய, லெட் செப்பெலின் என்ற ராக் பேண்ட் 1971இல் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஜான் பான்ஹாமின் டிரம்ஸ். படியின் மேலே ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் வைத்த இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக். மிச்ச வேலையைக் கம்ப்ரசரும் (உரத்த சத்தத்தை அடக்கும் கருவி) எக்கோ பெட்டியும் பார்த்துக்கொண்டன. உறுமி மேளத்தைத் திறந்த வெளியில் கேட்பதற்கும் மண்டபத்துக்குள் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

நம் மண்டபத்தில் கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்) இரண்டு. ஸ்னேர் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரே தூரம் வருமாறு கயிறு பிடித்து அளந்துவிடுங்கள், கண்ணளவு வேண்டாம். ஐந்தாவது மைக் டிரம்ஸிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், ஆகவே அந்த மைக்குக்குச் சத்தம் சுமார் 10 மில்லிசெகண்டு தாமதமாக வரும். காது அதைத்தான் பெரிய இடம் என்று எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசரை அந்த ஒன்றில் மட்டும் நன்றாக அழுத்துங்கள், அடி அடங்கி அதன் பின்னால் வரும் முழக்கம் மேலே எழும்.

சிக்கல் என்னவென்றால் சிம்பலும் கூடவே எழும். கிராஷ் சிம்பலைப் போட்டு உடைத்து ஸ்னேரைத் தடவுகிற ஆளாக இருந்தால் மண்டபம் காட்டிக்கொடுத்துவிடும், மாடி ஓரளவு மறைக்கும். இரட்டைப் பெடலில் வேகமாக மிதிக்கும் மெட்டல் பேண்டுக்கும் மாடியே சரி, மண்டபத்தில் அடிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். சாம்பிள் (முன்பே பதிந்த டிரம் ஒலி) போட்டு ஒப்பேற்றுவதும் உண்டு, ஆனால் அது உண்மையான பதிவு இல்லை. எல்லா அடியும் ஒரே அச்சு, எனக்கு ஒத்துவராது.

மண்டபம் என்று முடிவானால் காலையிலேயே முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் தகரக் கூரையில் மழை பிடித்தால் ஐந்து மைக்கிலும் அதுதான் இருக்கும்.