கண்மாய் வேலைக்கு உன்னத் பாரத் அபியான்: மதுரைக் கல்லூரிகளுக்குத் தேறுமா?

உயர்கல்வி நிறுவனங்களைக் கிராமங்களோடு இணைக்க மத்திய அரசு 2014-இல் தொடங்கிய திட்டம். ஒருங்கிணைப்பு டெல்லி ஐ.ஐ.டி. ஒரு கல்லூரி ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். வீடுவீடாகக் கணக்கெடுப்பதற்கும் நீர் இருப்பைப் பதிவு செய்வதற்கும் நல்ல வழி. ஆனால் கண்மாய் (பாசன ஏரி) தூர்வார இதை நம்பி இறங்காதீர்கள்.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய் வற்றுவது கோடையில். மண் வேலை அப்போதுதான் நடக்கும். பணம் ஐப்பசியில் வந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், செலவழிக்க வழியிருக்காது. மார்ச் முடிந்ததும், பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் மட்டும் கேட்பார்கள்! மானியத்துக்கு வங்கி தந்த வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். கிராமத்தில் உங்களோடு சேர்ந்து வேலை செய்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்பே கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு (கண்மாய்ப் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட அள்ள முடியாது. அனுமதிக் கடிதம் வருவதற்குள் வரத்துக்கால் (தண்ணீர் வரும் வாய்க்கால்), மடை (பாசனத்துக்குத் திறக்கும் வழி), கலிங்கு (மிகை நீர் வழியும் இடம்) மூன்றையும் அளந்து படமெடுத்து வைக்கலாம். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் உள்ளே எவ்வளவு தோண்டினாலும் வீண். பாசன விவசாயிகள் சங்கத்தாரைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் திட்ட அறிக்கைகள்தான் அதிகம். மடை திறக்கும் முறை தெரிந்தவர்கள் அவர்கள், கணக்கெடுப்புக்கே கூட்டிப் போங்கள்.

திட்டத்துக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று.