டோஃபு பொடிமாஸா, கடலை மாவு ஆம்லெட்டா?

பெர்லினில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் பக்கத்து வீகன் (முட்டை, பால், இறைச்சி எதுவும் சேர்க்காத) கஃபேக்களில் ப்ரஞ்ச், அதாவது காலையும் மதியமும் சேர்ந்த உணவு, சாப்பிடப் போனால், முட்டைக்கு மாற்றாகப் பெரும்பாலும் கிடைப்பது டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) பொடிமாஸ். அங்கே அதன் பெயர் ரூர்டோஃபு. சில இடங்களில் கடலை மாவு ஆம்லெட்டும் உண்டு.

பொடிமாஸுக்கு முதல் எதிரி தண்ணீர். 200 கிராம் கெட்டி டோஃபுவின் மேல் கனமான எதையாவது 15 நிமிடம் வைத்து நீரை வடித்தால்தான் எண்ணெயில் ஓரம் சிவக்கும். இல்லாவிட்டால் சவசவவென்று ஆகிவிடும். தட்டில் மஞ்சள் நீர் தேங்கி நிற்பது இதனால்தான். நிறத்துக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போதும், கூடினால் கசக்கும். முட்டை வாசனை தருவது கந்தகம் கலந்த கறுப்பு உப்பு. அதை அடுப்பை அணைத்த பிறகே தூவ வேண்டும். சூட்டில் அந்த மணம் பறந்துவிடும். நல்ல பொடிமாஸுக்கு இந்த உப்பே உயிர்.

ஆம்லெட்டுக்கு மாவும் தண்ணீரும் சம கப். 20 நிமிடம் ஊறவிட்டு, மூடி போட்டு மிதமான தீயில் வேகவைக்க வேண்டும். நடுவில் பச்சை வாடை அடித்தால் வேகவில்லை, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஞாயிறு 11 மணிக் கூட்டத்தில் அவசரத்தில் இப்படி வேகாமல் வருவது எளிதில் நேரும். அப்போது பொடிமாஸே பாதுகாப்பு. சோயா ஒவ்வாதவர்களுக்கு ஆம்லெட்தான் வழி. ஆனால் மாவில் சோயா பால் கலந்திருக்கிறதா, இரண்டும் ஒரே கல்லில் வேகிறதா என்று முதலில் கேளுங்கள்.