சார்ஜர் மோட்பஸ் கார்டும் கேட்வேயும்: திரையில் தெரியும் 123.7 வோல்ட்டை நம்பலாமா?

110 வோல்ட் டிசி சிஸ்டத்துக்கான ஃப்ளோட்-பூஸ்ட் சார்ஜரின் (பேட்டரியை நிறைந்த நிலையில் பிடித்து வைப்பது ஃப்ளோட், கூடுதல் வோல்ட்டேஜில் ஏற்றுவது பூஸ்ட்) கேட்டலாகில் 'ரிமோட் மானிட்டரிங் உண்டு' என்று ஒரு வரி இருக்கும். கதவைத் திறந்து பார்த்தால் அது நாலைந்து ரிலே கான்டாக்டாக இருக்கலாம், ஆர்.எஸ்.485 வயரில் மோட்பஸ் என்ற தகவல் மொழியில் பேசும் கார்டாக இருக்கலாம், ஈதர்நெட் சாக்கெட் வைத்த எஸ்.என்.எம்.பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் முறை) கார்டாகவும் இருக்கலாம். இங்கே பார்க்கப்போவது மோட்பஸ் கார்டையும், அதன் தகவலை ஸ்காடா (கன்ட்ரோல் ரூமின் கண்காணிப்பு அமைப்பு) வரை கொண்டுபோகும், பேனலின் டின் ரயில் பட்டையில் மாட்டும் கேட்வே பெட்டியையும்.

கார்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஏ, பி, காமன் என்று மூன்று டெர்மினல். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. பதிலே வரவில்லையென்றால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரிந்துவிடாது. காமனை விட்டுவிடுவது பரவலான பழக்கம், ஆனால் தவறு. முறுக்கு ஜோடி ஷீல்டு கேபிளில் மூன்றாவது வயராக அதையும் இழுக்க வேண்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும். ஏசி கேபிள் போகும் டிரேயில் இதைப் போட வேண்டாம்.

டெர்மினேஷன் ஜம்பர்தான் அடிக்கடி சதி செய்யும் இடம். 120 ஓம் ரெசிஸ்டர் லைனின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும் இருக்க வேண்டும். பல கார்டுகளில் ஜம்பர் போட்டபடியே வரும். லைனில் ஐந்து சார்ஜர் இருந்தால் ஐந்தும் சேர்ந்து 24 ஓம் ஆகி, சிக்னல் நொண்டும். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஏ-பி நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் பக்கம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 24 என்றால் காரணம் தெரிந்ததுதான்.

அட்ரஸ் பெரும்பாலும் 1 என்றே வரும். ஒரே லைனில் இரண்டு '1' இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி சி.ஆர்.சி பிழைதான் (செய்தி சிதைந்ததைக் காட்டும் பிழை) மிஞ்சும், அதனால் ஒவ்வொன்றாக இணைத்து அட்ரஸை மாற்றிக்கொண்டே போங்கள். மோட்பஸ் விதிப்படி இயல்பான பேரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) ஈவன். நடைமுறையில் 9600 பாட் வேகம், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று வரும் கார்டுகளும் நிறைய. மேனுவலைப் பார்த்து இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்தால் போதும்.

கார்டு ஒவ்வொரு அளவையும் வைத்திருக்கும் எண்ணிட்ட கட்டம்தான் ரெஜிஸ்டர். அதன் பட்டியலில் 40001 என்று எழுதியிருப்பதைச் சில மென்பொருள்கள் 0 என்று எடுத்துக்கொள்ளும், சில 1 என்று. ஓரிடம் தள்ளிப்போனால் வோல்ட்டேஜ் இருக்க வேண்டிய கட்டத்தில் கரன்ட் வந்து உட்காரும். 1237 வந்தால் பத்தால் வகுத்து 123.7. செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் 55 செல்லுக்கு ஃப்ளோட் 123.75 என்பதால் கணக்கு பொருந்துகிறது. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும்போது திரையில் 6549.4 ஆம்பியர் வந்தால் பதற வேண்டாம். 65494 என்பது உண்மையில் மைனஸ் 42, அதாவது மைனஸ் 4.2 ஆம்பியர். அந்த ரெஜிஸ்டரை சைன்டு (மைனஸும் காட்டும்) 16 பிட் என்று மாற்றுங்கள்.

கேட்வேக்கு வந்தால் என் மதிப்பெண் சட்டென்று குறைகிறது. ஏசி அடாப்டரில் ஓடும் கேட்வே, மின்சாரம் போன நொடியில் தானும் செத்துப்போகும். சார்ஜரைப் பற்றிய செய்தி மிகத் தேவைப்படும் நேரமும் அதுதான். பேட்டரி பஸ்ஸிலிருந்தே தனி ஃப்யூஸ் வைத்து, ஐசொலேஷன் உள்ள (இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாத) டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகக் கொடுங்கள். கன்வெர்ட்டர் 110 வோல்ட்டைத் தாங்கினால் மட்டும் போதாது. ஃப்ளடட் (தண்ணீர் ஊற்றும்) பேட்டரி பூஸ்ட்டில் செல்லுக்கு 2.7 வரை போனால் பஸ்ஸில் 148.5 வோல்ட் நிற்கும். ஐசொலேஷன் இல்லாத மலிவு சரக்கை மாட்டினால், எர்த் ஆகாமல் மிதக்கும் டிசி பஸ்ஸில் எர்த் லீக்கேஜ் அலாரம் அடிக்கத் தொடங்கும். நெட்வொர்க் ஸ்விட்சும் இதே பேட்டரியில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பட்ட பாடு வீண்.

அதைவிட மோசமானது கேட்வேயின் நினைவாற்றல். சில மாடல்கள் தாமாகவே சார்ஜரைக் கேட்டு, வந்த மதிப்பைச் சேமித்து வைத்து ஸ்காடாவுக்குக் கொடுக்கும். சார்ஜர் பேசுவதை நிறுத்திய பிறகும் கடைசியாக வந்த 123.7-ஐயே சளைக்காமல் ஒப்பித்துக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் கண்ணுக்கு எல்லாம் பச்சை. வாங்கும்போதே கேட்க வேண்டியது இது: டைம்அவுட் ஆனால் பழைய மதிப்பா, 0பி எக்ஸெப்ஷன் என்ற பிழைக் குறியீடா? 0பி என்றால் 'அந்தப் பக்கத்துக் கருவி பதில் சொல்லவில்லை' என்று பொருள். அது வராத கேட்வேயை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்டும் பொய் சொல்லாமல் ஏமாற்றும். அது அளப்பது பெரும்பாலும் சார்ஜர் அவுட்புட்டை. பேட்டரி ஃப்யூஸ் போனாலும், நடுவில் ஒரு செல் ஓப்பன் ஆனாலும், சார்ஜர் 123.7-ஐப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பேட்டரி கரன்ட் ரெஜிஸ்டர் சுத்தமாக 0 என்று நாள்கணக்கில் நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஃப்ளோட் கரன்ட் சிறியது, கார்டின் அளவுமானிக்கே எட்டாமல் போகலாம். ஆகவே ஃப்யூஸ் ஃபெயில் கான்டாக்டும் பேட்டரி டெஸ்ட் வசதியும் இருக்கும் சார்ஜரைத் தேர்ந்தெடுங்கள்.

மோட்பஸ் வந்துவிட்டது என்று ரிலே கான்டாக்டைக் கழற்றிவிடாதீர்கள். சார்ஜர் நலமாக இருக்கும்போது ரிலே ஈர்க்கப்பட்டு, செத்தால் விழுந்து அலாரம் தருமாறு ஒன்றையாவது ஆர்.டி.யூ (ஸ்காடாவுக்குத் தகவல் அனுப்பும் பெட்டி) இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள். கான்டாக்டில் அச்சிட்ட ஏசி ரேட்டிங்கை நம்பி 110 வோல்ட் டிசி காயிலை நேராக ஓட்டினால் ஆர்க் அடித்து முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

மோட்பஸ்ஸில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. நெட்வொர்க்கில் மோட்பஸ்ஸின் 502 போர்ட்டை எட்டுகிற யாரும், கார்டு அனுமதித்தால், ஃப்ளோட் வோல்ட்டேஜையே மாற்றிவிடலாம். எழுதும் வசதியைப் பூட்டுங்கள், இணையத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். ஈதர்நெட் கார்டு வாங்குபவர்கள் எஸ்.என்.எம்.பி பதிப்பு 3 உள்ளதையே கேளுங்கள். 1, 2சி இரண்டிலும் ரகசியச் சொல் வெறும் எழுத்தாகவே வயரில் போகும்.

கமிஷனிங் அன்று ஏசியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். வோல்ட்டேஜ் இறங்க வேண்டும், கரன்ட் மைனஸில் போக வேண்டும், மெயின்ஸ் ஃபெயில் அலாரம் வர வேண்டும். ஏசியைத் திரும்பக் கொடுத்துவிட்டு ஏ வயரைக் கழற்றுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் திரையில் எண் அப்படியே நின்றால், ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.