பெரிசுக்குப் பெரிசு, சின்னதுக்குச் சின்னது: செயினைத் தேய்ப்பது எது?

சைக்கிளில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரங்கள், அதாவது ரிங்குகள், 50 பல்லும் 34 பல்லும்; பின்னால் 11 பல் முதல் 28 பல் வரையிலான சக்கரங்களின் அடுக்கு, அதாவது 11-28 கேசட். ஷிமானோவின் 105 ஆர்7000 கியர் தொகுதி பூட்டிய ரோடு பைக்குகளில் பரவலாகப் பார்க்கும் அமைப்பு இது. செயின் மிகவும் குறுக்காக ஓடும் இடங்கள் இதில் இரண்டு: 50-லிருந்து 28-க்கு, 34-லிருந்து 11-க்கு. இரண்டுக்கும் கிராஸ் செயினிங் என்று பெயர் வைத்து, இரண்டையும் தொடவே கூடாது என்று புதிதாக ஓட்ட வருபவர்களைப் பயமுறுத்துகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பக்கவாட்டுச் சாய்வு இரண்டிலும் ஏறத்தாழ 3 பாகைதான். ஆனால் செயின் படும் பாடு ஒன்றல்ல.

செயின் 'நீளுகிறது' என்கிறோமே, அது இரும்பு இழுபடுவதல்ல. ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும்போது மடங்குகிறது. பாரத்தோடு மடங்கும்போது, கண்ணிகளைக் கோக்கும் ஆணியான பின்னும் (pin) அதைச் சுற்றிய பகுதியும் உரசித் தேய்கின்றன. 28 பல் சக்கரத்தில் கண்ணி சுமார் 13 பாகை மடங்கினால் போதும். 11 பல்லில் 33 பாகை மடங்க வேண்டும்.

இப்போது 50×28-ஐ (முன்னால் 50 பல், பின்னால் 28 பல்) அதன் ஜோடியான 34×19-ஓடு வைத்துப் பாருங்கள். முன் பற்களைப் பின் பற்களால் வகுத்தால் இரண்டும் 1.79 விகிதம், கால்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே மிதிக்கு 34 ரிங் செயினை 47 சதவீதம் கூடுதல் விசையோடு இழுக்கிறது. 50 ரிங்கில் ஒரு சுற்றுக்கு அதிகக் கண்ணிகள் கடக்கும் என்பது உண்மை. ஆனால் கண்ணிகள் கூடுகிற அளவுக்கே இழுவிசை குறைவதால் அது சரிக்குச் சரி ஆகிவிடும். மிஞ்சுவது மடங்கும் கோணம். அதில் 50×28 ஜெயிக்கிறது. அந்த லாபத்தில் ஒரு பங்கைச் சாய்வு தின்றுவிடும்: தகடுகள் பற்களின் பக்கவாட்டில் உரசும், பின்னின் ஓரத்தில் பாரம் கூடும். ஆகவே மேட்டின் உச்சி கண்ணுக்குத் தெரியும்போது, இன்னும் கொஞ்ச தூரத்துக்காக ரிங் மாற்ற வேண்டியதில்லை. செயினை ரிங் மாற்றித் தள்ளும் முன் டீரெய்லர் உரசினால், அதைச் சற்றே நகர்த்த லீவரில் ட்ரிம் கிளிக் இருக்கிறது. நீண்ட ஏற்றம் என்றால் 34-க்கு இறங்கிவிடலாம். எப்படியும் அடுத்து இன்னும் லேசான கியர் தேவைப்படும்.

34×11-க்கு இப்படி வாதாட எதுவுமில்லை. விகிதம் 3.09. பக்கத்திலேயே 50×17 இருக்கிறது, 2.94, செயின் நேராக ஓடும், இழுவிசையும் குறைவு. 34×11-லோ இழுவிசை அதிகம், மடிப்பு கூர்மை, சாய்வும் உண்டு. போதாததற்குக் கீழ்ப்பக்கச் செயின் தொய்ந்து தளர்கிறது, மேல்பக்கம் 50 ரிங்கின் உள்முகத்தில் உரசப் பார்க்கிறது. ஷிமானோவின் 12 ஸ்பீடு (பின்னால் 12 சக்கரங்கள்) மின்சாரக் கியரான டிஐ2, சின்ன ரிங்கில் இருக்கும்போது கடைசிச் சின்னச் சக்கரங்களுக்குப் போகவே விடாமல் தடுப்பது சும்மா இல்லை.

50×28-இல் தேய்மானத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: செயின் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் பின் டீரெய்லரும் அதைத் தாங்கும் ஹேங்கரும் பிய்ந்துவிடலாம். புதுச் செயின் போட்ட அன்றே, ஸ்டாண்டில் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றி அந்தக் கியருக்குக் கொண்டுபோங்கள். டீரெய்லரின் கை முழுதாக விறைத்துவிடாமல் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்க வேண்டும். வேறொருவர் பூட்டிக் கொடுத்த பைக் என்றாலும் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஒற்றை ரிங் பைக்குகளில் ஏற்றம் முழுவதும் செயின் கோடியில்தான் ஓடுகிறது. தயாரிப்பவர்களே ஏற்றுக்கொண்ட சாய்வு அது. செயினை உண்மையில் தின்பது எண்ணெயோடு கலந்த மணல். மழையில் ஓட்டிவிட்டுத் துடைக்காமல் விட்டால், எந்தக் கியரில் போனீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே வழிவதையும் துடைத்துவிடுங்கள். அப்புறம் அளந்து பாருங்கள்: புதுச் செயினில் 20 பிட்ச் (பிட்ச் என்பது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம்) 254 மி.மீ. 11 ஸ்பீடு செயினில் அது 255.3-ஐ நெருங்கினால், அதாவது 0.5 சதவீதம் நீண்டால், கேசட்டைக் கெடுப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள்.